ஒரு சாண் பட்டை

வைத்தியம்மா ஒருவருக்கும் நாடி பிடித்துப் பார்த்தவள் அல்ல. மருந்து காய்ச்சுகிறவள், அவ்வளவுதான். ஆனால் தெருவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? தலைவலி, வயிற்றுவலி என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "எனக்கே மூணு நாளா முழங்கால் பிடுங்கி எடுக்குது, போய் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள். அப்படியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதுதான் மருந்துக்கூடம். இரண்டு பெரிய அடுப்பு, அதன்மேல் இரண்டு செம்பு அண்டா, பட்டை ஊறவைக்கிற சிமென்ட் தொட்டி ஒன்று, கொடியில் எந்நேரமும் காயும் வடிகட்டுத் துணிகள். மருதம்பட்டையை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் முழுக்கக் காய்ச்சி, நாலில் ஒரு பங்காக வற்றவைத்து, வடிகட்டி, வெல்லம் கரைத்து, ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மண் பூசி ஒரு மாதம் வைத்தால் மருந்து. சொல்லும்போது ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். செய்கிறவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். வடிகட்டிய சக்கையைக் காயவைத்து அடுத்த காய்ச்சலுக்கு அதையே எரிப்பார்கள். சாம்பல் பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்குப் போகும். "எங்க வீட்டுல வருஷத்துக்குப் பதினோரு காய்ச்சல், யாருக்கும் ஜுரம் மட்டும் இல்ல" என்று அவள் கணவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருஷமாக அவர் அதைச் சொல்வதில்லை. இப்போது பதினொன்று இல்லை, இருபது.

அன்றைக்குக் காலையில் வானம் மூடிக்கொண்டு கிடந்தது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. கொட்டகைக்குள் புழுக்கம் ஆளை அவித்தது. வைத்தியம்மா பலகையில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள், பதினைந்து வருஷமாக அந்த வீட்டிலேயே நெருப்போடு மல்லுக்கட்டுகிற அடுப்புக்காரி, தொட்டியில் முந்தின நாள் போட்ட பட்டையைக் கையால் அலசிக்கொண்டிருந்தாள்.

"வைத்தியம்மா, இது பட்டையா பாயா?"

"ஏன், படுக்கப் போறியா?"

"விரிச்சா படுக்கலாம் போலத்தான் இருக்கு. இங்க பாருங்க."

பட்டை கொண்டுவருகிறவன் வைத்தியம்மாவின் தம்பி. ஒன்றரை வருஷமாக அவன் பட்டையைச் சின்னச் சின்னச் சில்லாக நறுக்கித்தான் கொண்டுவந்தான். "உனக்கு மணிக்கட்டு வலிக்குதேன்னு நானே நறுக்கிட்டேன்க்கா" என்றான். தம்பிக்கு இவ்வளவு கரிசனமா என்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. இந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல், நிஜக் காய்ச்சல். கூலியாள் ஒருவன் வண்டியில் மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு நறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூட்டையில் முழ நீளத் துண்டுகளாகவே இருந்தன. காய்ந்த பட்டை சுருண்டு குழல் மாதிரி ஆகிவிடும். மூட்டையைப் பிரிக்கும்போது அகலம் தெரியாது. ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்ததில் அது தன் பழைய உருவத்துக்கு விரிந்துகொண்டுவிட்டது.

அடுப்புக்காரி வேடிக்கைக்காரி. அந்தத் துண்டை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது போலப் பிடித்தாள். "ஒட்டியாணம் எப்படி?" என்றாள். பட்டையின் இரண்டு ஓரமும் அவள் வயிற்றுக்கு முன்னால் வந்து ஒன்றையொன்று தொட்டன. இருவருமே அதைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வெட்டுதான். மற்றபடி முழு வட்டம்.

"கழட்டு" என்றாள் வைத்தியம்மா.

வாங்கித் தரையில் விரித்துக் கையை வைத்து அளந்தாள். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று, நான்கு. நான்குக்கு மேலும் இரண்டு விரல்.

ஆற்றங்கரை நெடுக இருநூறு மருத மரம். அதில் பட்டை எடுக்க அனுமதிச் சீட்டு வைத்திருந்தார்கள். ஒரு மரத்தில் ஒரு பக்கம் மட்டும், ஒரே ஒரு சாண் அகலத்துக்குத்தான் எடுப்பது. அப்புறம் மூன்று வருஷம் அந்த மரத்துப் பக்கமே போகக் கூடாது. காயம் ஆறி ஓரங்கள் மூடிக்கொண்டு வந்த பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சாண். இதுதான் இந்த வீட்டு முறை. அந்தச் சாண் வைத்தியம்மாவின் கைச்சாண். இருபது வருஷத்துக்கு முன் தம்பிக்குக் கத்தி அடித்தபோது, கொல்லனிடம் அவள் தன் கையை விரித்துக் காட்டி, கைப்பிடியை அந்த நீளத்துக்குப் போடச் சொன்னாள். மரத்தில் கைப்பிடியைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் கீறினால் அளவு முடிந்தது. சுற்றிவர உரித்தால் மரத்துக்கு மேலிருந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது. நின்றபடியே பட்டினி கிடந்து சாகும். இதெல்லாம் தம்பிக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு வேளை விழுந்த மரமா இருக்குமோ?" என்றாள் அடுப்புக்காரி.

"மூட்டை முழுக்கவா?"

தொட்டியில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே அப்படித்தான்.

முன்கூடத்தில் அவள் கணவர் பாட்டில்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முந்நூற்று அறுபது பாட்டில். நாளைக் காலையில் நகரத்துக் கடைக்காரரின் வண்டி வரும். பளபளவென்று லேபிள் ஒட்டிய பாட்டில்கள். மருந்தின் பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: 'மரத்தைக் கொல்லாமல் எடுத்த பட்டையில் செய்தது.' இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கடைக்காரர் முதல் தடவை போன் பண்ணி, "உங்க மருந்துல அப்படி என்னம்மா விசேஷம்? எல்லாரும்தான் காய்ச்சுறாங்க" என்று கேட்டபோது, வைத்தியம்மா அடுப்படியிலிருந்தே, "நாங்க மரத்தைக் கொல்றதில்ல, அதான் விசேஷம்" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்த பெருமைதான். அவருக்கு அது பிடித்துப்போனது. அதையே லேபிளில் போடச் சொன்னார். போட்டார்கள்.

அவள் ஈரப் பட்டையோடு வந்து நின்றதைப் பார்த்துக் கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"என்ன இது?"

"மரம்" என்றாள். "முழு மரம்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த பாட்டிலைப் பெட்டிக்குள் வைக்காமல் தரையில் வைத்தார்.

"அவனைக் கூப்பிடுங்க" என்றாள். "காய்ச்சல்னா போர்த்திக்கிட்டு வரட்டும்."

தம்பி மத்தியானம் வந்தான். நிஜமாகவே போர்த்திக்கொண்டுதான் வந்தான். கண் உள்ளே போயிருந்தது. பட்டையைத் தரையில் விரித்து வைத்திருந்ததைப் பார்த்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். கோபமாகத் திட்டுவதற்கு எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தவளுக்கு, அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் முதலில், "கஞ்சி குடிச்சியா?" என்றுதான் வாயில் வந்தது.

"குடிச்சேன்."

"என்னடா இது?"

"பார்த்தா தெரியுதே."

"எத்தனை மரம்?"

"பத்தொன்பது."

கணவர், "மாப்ள" என்றார்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அவள்.

"போன மழைக்கு முன்னாடியிலேர்ந்து. முதல்ல ஒரு சாண் எடுத்த இடத்துல ரெண்டு சாண் எடுத்தேன். அப்புறம் மூணு வருஷம் ஆகாத மரத்துலயும் கை வச்சேன். அதுவும் போதல. அப்புறம்தான் இது. பாதையிலேர்ந்து தெரியாத பின்வரிசையில."

"நறுக்கிக் கொண்டாந்தது என் மணிக்கட்டுக்காக இல்ல."

"இல்ல."

அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது. மரம்கூட அப்புறம்தான்.

"இருபது வருஷம்டா. அந்தக் கத்திப் பிடியைப் போட்ட அன்னைக்கு என்ன சொன்னேன்? கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாயில என்ன வச்சிருந்த?"

தம்பி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டான். அவனுக்குக் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காத. இருநூறு மரம். ஒரு மரம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படின்னா வருஷத்துக்கு எத்தனை மரம்?"

"அறுபத்தி ஆறு, ஏழு."

"ஒரு காய்ச்சலுக்கு ஆறு மரத்துப் பட்டை. அப்ப எத்தனை காய்ச்சல்?"

அவள் பார்வை தரையில் விரித்திருந்த பட்டைக்குப் போயிற்று.

"பதினொண்ணு. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். இருபதுன்னு ஒத்துக்கிட்டது யாரு? நானா? போன்ல நீ சரிங்கன்னு சொன்னப்போ நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, 'முடியும்லடா?'ன்னு கேட்ட. நான் தலையாட்டினேன். நான் தலையாட்டினது தப்பு. ஆனா அந்த மிச்ச ஒம்பது காய்ச்சலுக்கு மரம் வானத்துலேர்ந்தா வரும்னு நினைச்ச?"

"புதுசா நூறு கன்னு வச்சோமே" என்றார் கணவர் மெதுவாக.

"வச்சோம் மச்சான். அது பட்டை குடுக்க இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். அது வரைக்கும் யாரு பொறுத்துக்குறாங்க?" என்றவன் இருமினான். இருமி முடித்துவிட்டு, "அந்த வரியைப் போட்டதுக்கு அப்புறம்தான்க்கா மரம் சாக ஆரம்பிச்சுது. மரத்தைக் கொல்லாத மருந்துன்னு எல்லாரும் தேடி வாங்க ஆரம்பிச்சாங்க" என்றான்.

கொட்டகையில் அடுப்புக்காரி விறகை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

வைத்தியம்மா வருஷம் தவறாமல் ஒரு நாள் கரைக்குப் போய் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்து வருவாள். இரண்டு வருஷமாகப் போகவில்லை. முழங்கால் வலி. வலி உண்மைதான். ஆனால் இதே காலோடு போன மாதம் நாத்தனார் வீட்டு மாடிப்படி மூன்று மாடி ஏறியிருக்கிறாள். போனால் என்ன பார்க்க நேரும் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருக்கிறது. அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. களைப்பாக இருந்தது. அழுகை வந்தாலாவது தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை.

"எழுந்திரு" என்றாள் தம்பியிடம். "காட்டு."

"காய்ச்சல்காரனைப் போட்டு இழுக்காத" என்றார் கணவர்.

"வரேன் மச்சான். நடந்தா நல்லதுதான்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த வடிகட்டுத் துணிகளை அவள் மொத்தமாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். அடுப்புக்காரி பார்த்துவிட்டு, "அதைக் கொண்டுபோயிட்டா நாளைக்கு எதுல வடிகட்டுறது?" என்றாள். வைத்தியம்மா ஆற்றுப் பக்கம் நடந்தாள். அடுப்புக்காரி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஆற்றில் தண்ணீர் நடுவில் ஒரு கோடாகத்தான் ஓடியது. முன்வரிசை மரங்கள் அழகாக நின்றன. பழைய ஒரு சாண் காயங்கள் ஆறி, ஓரம் உதடு மாதிரி தடித்து மூடியிருந்தன. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. புதர் விலக்கிப் பின்வரிசைக்குப் போனார்கள். அங்கே இடுப்பு உயரத்துக்கு மரங்கள் துணி அவிழ்த்த மாதிரி நின்றன. சில மரங்களில் இலை பழுத்துக் கொட்டியிருந்தது. கடைசியில் இருந்த மூன்று மரம் மட்டும் மேலே பச்சைப் பசேலென்று இருந்தது. போன வாரம் உரித்தவை.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள் அடுப்புக்காரி, அண்ணாந்து பார்த்து.

"அதுக்கு இன்னும் விஷயம் தெரியல" என்றான் தம்பி.

வைத்தியம்மா உரித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. உள்தோல் சில இடங்களில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணைக் குழை" என்றாள்.

அடுப்புக்காரி ஆற்றிலிருந்து களிமண்ணும் தண்ணீரும் வாளியில் கொண்டுவந்தாள். வைத்தியம்மா உட்கார முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி மண்ணை அப்பினாள். தம்பி மேலே துணியைச் சுற்றினான். கஷாயக் கறை ஏறிச் சிவந்துபோன துணி மரத்தின் நிறத்திலேயே இருந்தது. மூன்று மரத்துக்கும் சுற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"பிழைக்குமாக்கா?"

"தெரியல. ஒண்ணு பிழைச்சா பெரிசு."

"மத்த பதினாறும்?"

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதைக் கேக்காத" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் பெட்டிகளை ஒட்டாமல் வைத்திருந்தார். கடைக்காரரிடம் அவளே போன் பண்ணினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதிர்முனையில் அவர் ரொம்பப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். எரிந்து விழுகிற ஜாதி இல்லை.

"சரிம்மா, விடுங்க. இவ்வளவு நேர்மையா சொல்றீங்களே, அதுவே பெரிசு. இந்தத் தடவை அப்படியே அனுப்புங்க. மருந்துல ஒரு குறையும் இல்லையே. அடுத்த தடவையிலேர்ந்து சரி பண்ணிக்கலாம்."

"இதையேதான் சார் நானும் ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"புரியலம்மா."

"லேபிள்ல அந்த வரி இருக்காது. வேணும்னா வண்டி அனுப்புங்க, வேண்டாம்னா இருக்கட்டும். இனிமே வருஷத்துக்குப் பதினோரு காய்ச்சல்கூட முடியாது. மிச்சம் இருக்குற மரத்தை எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர், "வரி இல்லாம எங்க ஆளுங்க வாங்க மாட்டாங்களேம்மா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அந்த யோசனை எப்படிப் போகும் என்று மூன்று பேருக்குமே தெரிந்துதான் இருந்தது.

"மருந்தைக் கொட்டிடலாமா?" என்றார் கணவர்.

"எதுக்கு? கொட்டினா மரம் எழுந்து நிக்குமா? நெஞ்சுப் படபடப்புன்னு சாப்பிடறவங்க சாப்பிடட்டும். தொட்டியில ஊறுறதையும் காய்ச்சியாகணும். பொய்யை மட்டும் எடுத்துடுவோம்."

முதலில் பேனாவால் அடித்துப் பார்த்தார்கள். பளபளப்புத் தாளில் மை ஒட்டாமல் வழுக்கியது. விரல் பட்டதும் அழிந்து, பச்சை எழுத்து மறுபடி சிரித்தது. கணவர் நகத்தால் சுரண்டினார். மருந்தின் பெயரும் சேர்ந்து கிழிந்து வந்தது. மூன்று பாட்டில் வீணானது. அவருக்கு எரிச்சல் வந்து, "இதுக்குக் கொட்டுறதே மேல்" என்று முனகினார்.

தம்பி கூடத்து மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். வைத்தியம்மா அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"கத்தியைக் குடு."

அவன் இடுப்பிலிருந்து எடுத்தான். கொடுக்கவில்லை. கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வராதுக்கா. பாட்டிலைக் குடு."

அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்த வரிக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல் போட்டான். ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பி ஒரே இழுப்பாக இழுத்தான். பச்சை எழுத்து மட்டும் ஒரு நாடாவாகக் கழன்று வந்தது. மேலே மருந்தின் பெயருக்கும் கீழே அவர்கள் வீட்டு முகவரிக்கும் ஒரு சின்னக் காயம்கூட இல்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் எடுத்திருந்தான்.

வைத்தியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கை இதை மறந்துவிடவில்லை. இவ்வளவு நன்றாகத் தெரிந்த கையிடம்தான் இருபது கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டிலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றான் தம்பி, நிமிராமல்.

"முந்நூத்தி அம்பத்தாறு" என்றார் கணவர்.

"வைங்க" என்றான்.